வக்கீலுக்கு முன்னால் வந்து நிற்கும் ஆள்

ஓசூரிலிருந்து ராயக்கோட்டை போகிற சாலை சானமாவுக் காட்டை ஒட்டிப் போகிறது. மழைக்காலம் முடியும் தறுவாயில் பன்னேர்கட்டாவிலிருந்து ஜவளகிரி, தளிப் பக்கமாக இறங்கி வரும் யானைக் கூட்டம் இந்தக் காப்புக்காட்டில் வந்து தங்கும். ராகி அறுப்பு முடிகிறவரை சுற்றுவட்டாரத்தில் யாரும் நிம்மதியாகத் தூங்குவதில்லை. ஆனால் யானை வந்தால் என்ன செய்வது என்று இந்த ஊருக்குத் தெரியும். யாருக்குச் சொல்ல வேண்டும், எந்தப் பக்கம் போகக்கூடாது, பயிர் அழிந்தால் எந்த அலுவலகத்தில் மனு கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் பேச்சு வழக்கிலேயே பரவியிருக்கிறது. பைக்கில் ஷிப்டுக்குப் போன பையனை லாரி அடித்துவிட்டால், கம்பெனியில் கூப்பிட்டு ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்துக் கேட்டால், நான்குவழிச் சாலைக்கு நிலம் எடுக்க நோட்டீஸ் வந்தால், ஆனேக்கல்லில் கட்டிக் கொடுத்த பெண் அடிபட்டு வீடு திரும்பினால் யாரிடம் போவது என்பதுதான் தெரிவதில்லை.

தெரியாத அந்த இடைவெளியில் ஓர் ஆள் வந்து நிற்கிறார். பெரும்பாலும் ஆஸ்பத்திரி வாசலில், சில சமயம் போலீஸ் ஸ்டேஷன் எதிரே உள்ள டீக்கடையில். “நமக்குத் தெரிந்த வக்கீல் இருக்கார் அண்ணா, நீங்க ஒரு ரூபாய் தர வேண்டாம், கேஸ் முடிஞ்சு வர்ற பணத்துல பார்த்துக்கலாம்” என்பார். எழுதாத வக்காலத்தில் ஒரு கையெழுத்து, வெள்ளைத்தாளில் இரண்டு கையெழுத்து, ஆதார், பாஸ்புக் நகல். அதோடு அவர் வேலை முடிந்தது. இரண்டு, மூன்று ஆண்டு கழித்து இன்ஷூரன்ஸ் பணம் வரும்போது அதில் ஒரு கணிசமான பங்கு யாருக்குப் போனது என்றே குடும்பத்துக்குத் தெரியாது.

இந்தப் பங்குக் கணக்கு சட்டப்படி செல்லாது. வழக்கில் கிடைக்கும் தொகையில் இத்தனை சதவீதம் என்று பேசிக் கட்டணம் வாங்குவதை இந்திய பார் கவுன்சில் விதிகள் தடை செய்கின்றன. தரகர் மூலம் வழக்குப் பிடிப்பதும் அதே விதிகளில் தடைதான். 2023இல் வழக்கறிஞர் சட்டத்தில் வந்த திருத்தம், நீதிமன்றத் தரகர்களின் பெயர்ப் பட்டியலை நீதிபதிகளே வெளியிட வழி செய்தது. பட்டியலில் பெயர் உள்ளவர் மீண்டும் தரகு பார்த்தால் 3 மாதம் வரை சிறை உண்டு. விதி இருக்கிறது, ஆனாலும் தொழில் நடக்கிறது. நாம் தேடிப் போவதற்கு முன்பே அவர் நம்மைத் தேடி வந்துவிடுவதுதான் காரணம்.

இதில் எனக்கு ஆற்றாமை தருவது வேறொன்று. “ஒரு ரூபாய் தர வேண்டாம்” என்ற அந்த வாக்குறுதியை அரசாங்கம் எப்போதோ கொடுத்துவிட்டது, அதுவும் பங்கு கேட்காமல். 1976இல் அரசியல் சட்டத்தில் 39அ பிரிவு சேர்ந்தது. 1987இல் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம் வந்து, 1995 நவம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 12ஆம் பிரிவு யார் யாருக்கு இலவச வக்கீல் என்று சொல்கிறது. ‘இலவச சட்ட உதவி’ என்றதும் அது பரம ஏழைகளுக்கானது, நமக்கில்லை என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். பிரிவை வாசித்தால் அப்படி இல்லை.

பெண் என்றால் போதும், வருமானம் கேட்க மாட்டார்கள். குழந்தைகளுக்கும் அப்படியே. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், ஆள் கடத்தலுக்கோ கொத்தடிமைத்தனத்துக்கோ ஆளானவர்கள், காவலில் அல்லது சிறையில் இருப்பவர்கள், வெள்ளம், வறட்சி, சாதிக் கொடுமை, தொழிற்சாலைப் பேரழிவு போன்றவற்றால் பாதிக்கப்பட்டவர்கள் ஆகியோருக்கும் வருமான வரம்பு கிடையாது. பட்டியலில் இன்னொரு வகையும் இருக்கிறது, நம் பகுதியில் அதிகம் பேர் கவனிக்காதது: தொழிற்சாலைத் தொழிலாளி. ஓசூர் சிப்காட்டிலோ, சூளகிரியிலோ, கூத்தனப்பள்ளி எலக்ட்ரானிக்ஸ் ஆலையிலோ லைனில் நிற்கிறவர், நிரந்தரமானாலும் ஒப்பந்தமானாலும், இந்த வகையில் வருவார். பயிற்சி பெறுபவர் என்ற பெயரில் எடுத்திருப்பதால் தொழிலாளியா இல்லையா என்று யாராவது இழுத்தாலும் கவலையில்லை. மேற்சொன்ன எதிலும் சேராதவர்களுக்கு வருமான வகை இருக்கிறது. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய் வரம்பு. ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து வாடகை அறையில் இருக்கும் தொழிலாளர்களுக்கும் இதே உரிமைதான். இன்ன மாநிலத்தில் பிறந்திருக்க வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை.

ஆக, சானமாவில் ஒரு வீட்டைக் காட்டி ‘இந்த வீட்டில் யாருக்கும் இலவச வக்கீல் கிடையாது’ என்று சொல்வது கடினம். வீட்டுக்கு ஒரு பெண்ணாவது இருப்பாள் அல்லவா.

ராயக்கோட்டைச் சாலையில் உள்ள தொரப்பள்ளியில்தான் ராஜாஜி பிறந்தார், 1878இல். அவர் வக்கீலாக இருந்தது சேலத்தில். அப்போது ஓசூர் தாலுகா சேலம் மாவட்டத்தோடு இருந்தது, பெரிய வழக்கென்றால் அவ்வளவு தூரம் போக வேண்டும். 1965இல் தருமபுரி தனி மாவட்டமாயிற்று, 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி. இன்று மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு கிருஷ்ணகிரி நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது, வட்ட அளவிலான சட்டப் பணிகள் குழு ஓசூர் நீதிமன்றத்திலேயே இருக்கிறது. சானமாவிலிருந்து டவுன் பஸ் தூரம்.

அங்கே போய் வெள்ளைத்தாளில் தமிழில் எழுதிக் கொடுத்தாலே விண்ணப்பம்தான். எழுதத் தெரியாவிட்டால் வாயால் சொன்னால் அங்கிருப்பவர் எழுதிக்கொள்ள வேண்டும். வருமான வகையில் வருபவர், வருமானச் சான்றுக்காகத் தாசில்தார் அலுவலகத்துக்கு அலைய வேண்டியதில்லை. உறுதிமொழிப் பத்திரத்தையே போதுமானதாக ஏற்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. 7 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது விதி. மறுத்தால் மேல்முறையீடு உண்டு. அனுமதி கிடைத்தால் வக்கீல் கட்டணத்தோடு நீதிமன்றக் கட்டணம், சம்மன் செலவு, தீர்ப்பின் சான்றிட்ட நகல் வாங்கும் செலவு எல்லாம் ஆணைக்குழுவின் பொறுப்பு. லீவு போட முடியாதவர்கள் 15100 என்ற தேசிய எண்ணுக்குப் பேசலாம். வழக்கே போடாமல் ஒரு வக்கீலிடம் சந்தேகம் மட்டும் கேட்க வேண்டுமென்றால் பொது சேவை மையங்கள் வழியாக நடக்கும் டெலி-லா இருக்கிறது, அதன் எண் 14454.

இனி மாநில எல்லைக்கு வருவோம். இந்தப் பகுதியின் சிக்கலே அதுதான். காலையில் அத்திப்பள்ளி தாண்டி வேலை, மாலையில் தமிழ்நாட்டில் வீடு. பெண் கொடுத்தது மாலூரில், சீட்டுக் கட்டியது பெங்களூரில். 2023 அக்டோபர் 7 அன்று அத்திப்பள்ளிப் பட்டாசுக் கடையில் தீப்பிடித்துப் பதினான்கு பேருக்கு மேல் இறந்தார்கள். பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து தீபாவளி வேலைக்குப் போன இளைஞர்கள். சம்பவம் கர்நாடகத்தில், சடலங்கள் வந்து சேர்ந்தது தமிழ்நாட்டு ஊர்களுக்கு. இப்படி ஒன்று நேரும்போது குடும்பம் முதலில் கேட்கும் கேள்வி, “கேஸ் எங்கே போட வேண்டும்?” கர்நாடக நீதிமன்றத்துக்கு மாதா மாதம் அலைய வேண்டியிருக்குமே என்ற பயத்திலேயே பலர் கைவிட்டு விடுகிறார்கள்.

பயப்பட வேண்டிய அளவுக்கு இல்லை. வாகன விபத்து இழப்பீட்டு வழக்கை விபத்து நடந்த இடத்தில்தான் போட வேண்டும் என்றில்லை. பாதிக்கப்பட்டவர் வசிக்கிற இடத்துத் தீர்ப்பாயத்திலும் போடலாம். பெங்களூர் ஒசரோடு மேம்பாலத்தில் அடிபட்டவருக்குக் கிருஷ்ணகிரி மாவட்டத்திலேயே வழக்கு நடத்தலாம் என்று அர்த்தம். கணவன் வீட்டிலிருந்து அடித்துத் துரத்தப்பட்ட பெண், தான் தஞ்சம் புகுந்த ஊரிலேயே வரதட்சணைக் கொடுமைப் புகார் கொடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2019இல் ரூபாலி தேவி வழக்கில் சொல்லிவிட்டது. குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் மனுவும் அவள் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரில் போடலாம். பெங்களூர்க் கடையில் வாங்கிய பொருளுக்கான நுகர்வோர் புகாரும் 2019 சட்டப்படி கிருஷ்ணகிரி ஆணையத்தில் செல்லும். பொருளின் மதிப்பு 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்காமல் நாமே பேசலாம். போலீஸ் புகாரிலும் ‘இது எங்கள் எல்லை இல்லை, அத்திப்பள்ளிக்குப் போ’ என்று திருப்பி அனுப்ப முடியாது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவுப்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் தகவலைப் பதிவு செய்து உரிய ஸ்டேஷனுக்கு அனுப்ப வேண்டியது போலீசின் வேலை. எஃப்ஐஆர் நகல் இலவசம். சிஎஸ்ஆர் ரசீது மட்டும் கொடுத்து அனுப்பினால் அது எஃப்ஐஆர் இல்லை என்பதை நினைவில் வைக்கவும்.

கர்நாடகத்தில்தான் நடத்தியாக வேண்டிய வழக்கு என்றால், ஆனேக்கல் நீதிமன்றத்திலும் இதே சட்டத்தின் கீழ் வட்டக் குழு இருக்கிறது. அங்கே கிடைக்கும் இலவச வக்கீலுக்குக் கன்னடம் தெரிந்திருப்பது நமக்கு நல்லதுதான். ஓசூர்க்காரர்களில் பாதிப்பேருக்குக் கன்னடமும் தெலுங்கும் பேச வரும் என்பதால் இதில் பெரிய கஷ்டம் இருக்காது. ஆனால் கையெழுத்துப் போடும் காகிதம் எந்த மொழியில் இருந்தாலும் அதை நம் மொழியில் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும்.

அடுத்தது நாள் கணக்கு. சட்ட உதவி தேடுவதில் மக்கள் அதிகம் இழப்பது பணத்தைவிட நாட்களைத்தான். வாகன விபத்து மனுவுக்கு 6 மாத வரம்பை 2019 திருத்தம் கொண்டுவந்தது, 2022 ஏப்ரல் முதல் அது நடப்பில் இருக்கிறது. அந்த வரம்பு உச்ச நீதிமன்றம் வரை கேள்விக்குள்ளாகியிருக்கிறது என்றாலும் அதை நம்பி யாரும் உட்கார்ந்திருக்க வேண்டாம். அடித்துவிட்டு நிற்காமல் போன வண்டி எது என்றே தெரியாவிட்டாலும், இறப்புக்கு 2 லட்சம், பலத்த காயத்துக்கு 50,000 ரூபாய் என்று 2022 திட்டம் ஒன்று இருக்கிறது. அதற்கு நீதிமன்றம் போக வேண்டியதில்லை, வருவாய்த் துறை அதிகாரியிடம் மனு. வண்டி நம்பர் தெரியாது என்று விட்டுவிட்ட குடும்பங்கள் இந்தச் சாலையோரத்தில் இருக்கின்றன.

வேலை நீக்கத்தில் இன்னும் கவனம் தேவை. 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளையும் மத்திய அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பழைய தொழில் தகராறு சட்டத்தில் வேலை நீக்கத்தை எதிர்க்க 3 ஆண்டு இருந்தது, புதிய தொழில் உறவுத் தொகுப்பில் 2 ஆண்டுதான். முதலில் தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் மனு, அங்கே முடியாவிட்டால் நேரே தீர்ப்பாயம் என்ற வழி தொடர்கிறது. ஆனால் ராஜினாமாவில் கையெழுத்துப் போட்டுவிட்டால் அது வேலை நீக்கமே இல்லை என்று கம்பெனி வாதாடும். கட்டாயப்படுத்திக் கையெழுத்து வாங்கியிருந்தால், அதை அன்றோ மறுநாளோ எழுத்தில் நிர்வாகத்துக்கும் தொழிலாளர் துறைக்கும் அஞ்சல் ஒப்புகையோடு அனுப்பிவிட வேண்டும். ஆறு மாதம் கழித்துச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. தேசிய நெடுஞ்சாலைக்கு நிலம் எடுக்கும் அறிவிப்பு வந்தால் ஆட்சேபம் சொல்ல 21 நாள்தான் இருக்கிறது; பத்திரிகையில் வந்த விளம்பரத்தை யாரும் பார்க்காமலே அந்த 21 நாள் ஓடிவிடும். இழப்பீட்டுத் தொகை குறைவென்றால் நடுவரிடம் போக வேண்டும். அதற்கும் ‘நான் பேசி முடித்துத் தருகிறேன்’ என்று கமிஷன் ஆள் வருவார்.

சரி, வக்கீல் முன்னால் உட்கார்ந்தாயிற்று. என்ன பேசுவது? நம்மில் பலர் அழுகையில் தொடங்கி, மாமனார் பத்து வருடத்துக்கு முன் சொன்னதில் போய் நிற்போம். அதற்குப் பதில் ஒரு தாளில் தேதி வாரியாக நடந்ததை எழுதிக் கொண்டுபோனால், பத்து நிமிடத்தில் அரைமணி நேர ஆலோசனை கிடைக்கும். எஃப்ஐஆர், ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு நகல், சம்பளச் சீட்டு, இஎஸ்ஐ அட்டை, பட்டா, வாட்ஸ்அப்பில் சூப்பர்வைசர் அனுப்பிய மெசேஜ் எல்லாவற்றின் நகலும் வேண்டும். மூலப் பத்திரத்தை ரசீது இல்லாமல் யார் கையிலும் கொடுக்கக் கூடாது, சொந்தக்கார வக்கீலாக இருந்தாலும். நமக்கு எதிரான விஷயத்தையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். வக்கீலிடம் கட்சிக்காரர் சொன்ன ரகசியத்துக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. குடித்துவிட்டு வண்டி ஓட்டியதை முதலில் எதிர்த்தரப்பு வக்கீல் வாயிலிருந்து நம் வக்கீல் கேட்பதைவிட மோசமானது இல்லை. பிறகு நாம் கேட்க வேண்டியவை: இந்த வழக்கு எந்தக் கோர்ட், கடைசித் தேதி எது, எத்தனை காலம் ஆகலாம், தோற்றால் என்ன ஆகும், கோர்ட்டுக்கு வெளியே முடிக்க வழியுண்டா. ‘கண்டிப்பா ஜெயிச்சிடலாம்’ என்று முதல் நாளே சொல்பவரிடம் சற்று எச்சரிக்கையாக இருப்பது நல்லது.

இலவச வக்கீல் என்றால் ஏனோதானோ என்றிருப்பார் என்ற பேச்சு ஊரில் உண்டு. அதில் உண்மையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். குழுவில் உள்ள வக்கீல்களுக்கு ஒரு வழக்குக்குக் கிடைக்கும் மதிப்பூதியம் சொற்பம், சிலர் ஜூனியரை அனுப்பிவிட்டு வாய்தா வாங்கிக்கொண்டே இருப்பார்கள். ஆனால் அதைச் சகித்துக்கொள்ள வேண்டிய கடமை நமக்கில்லை. வக்கீலை மாற்றித் தரச் சொல்லி ஆணைக்குழுச் செயலாளரிடம் மனு கொடுக்கலாம். அவர் ஒரு நீதிபதி. இலவச வக்கீல் கட்சிக்காரரிடம் ‘செலவுக்கு’ என்று நூறு ரூபாய் கேட்டாலும் அது விதிமீறல், அதையும் அதே இடத்தில் சொல்லலாம். குற்ற வழக்குகளுக்கு 2022இல் தேசிய சட்டப் பணிகள் ஆணையம் புதிய ஏற்பாடு ஒன்றைத் தொடங்கியது: வேறு வழக்கு எடுக்காமல், சம்பளத்துக்கு, குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக மட்டும் முழுநேரம் வேலை செய்யும் வக்கீல்கள். கைதானவர் விசாரணையின்போது தன் வக்கீலைச் சந்திக்கலாம், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தப்பட வேண்டும், வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் அரசு செலவில் நியமிக்க வேண்டும். இலவச வக்கீல் உரிமையைச் சொல்லாமலேயே விசாரித்துத் தண்டித்தால் அந்தத் தீர்ப்பே நிற்காது என்று 1986இல் சுக் தாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வீட்டில் ஒருவரை இரவில் கூட்டிப்போனால் முதல் போன் 15100க்கு என்று வைத்துக்கொள்ளலாம்.

காசு கொடுத்தே வக்கீல் வைப்பவர்களுக்கும் சில விஷயம். கட்டணத்தைக் கட்டம் கட்டமாகப் பேசி, எழுதி வாங்குங்கள்; குமாஸ்தா கையில் கொடுத்தாலும் ரசீது கேளுங்கள். வக்கீலின் பார் கவுன்சில் பதிவு எண்ணைக் கேட்பது அவமரியாதை இல்லை. வழக்குப் பதிவானதும் எழுத்தும் எண்ணும் கலந்த 16 இலக்க சிஎன்ஆர் எண் ஒன்று கிடைக்கும். ஈ-கோர்ட்ஸ் செயலியில் அதைப் போட்டால் அடுத்த வாய்தா எப்போது, போன வாய்தாவில் என்ன நடந்தது எல்லாம் போனிலேயே தெரியும். ‘ஜட்ஜ் லீவு’ என்று சொல்லி நாட்களைக் கடத்த முடியாது. வக்கீலை மாற்ற நினைத்தால், பாக்கிக் கட்டணத்துக்காக வழக்குக் கட்டைப் பிடித்து வைத்துக்கொள்ள அவருக்கு உரிமை இல்லை என்று 2000இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. வக்கீல் வழக்கை மோசமாக நடத்தினால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது. 2024 மே மாதத் தீர்ப்பு அந்தக் கதவை அடைத்துவிட்டது. சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள தமிழ்நாடு புதுச்சேரி பார் கவுன்சிலில்தான் புகார் கொடுக்க வேண்டும். அந்தத் தீர்ப்பு எனக்கு உடன்பாடானதல்ல. சானமாவுக்காரர் ஒருவர் புகாரோடு சென்னைக்கு அலைவது எளிதா என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

மக்கள் நீதிமன்றம் பற்றியும் ஒரு சொல். அங்கே சமரசமானால் கட்டிய நீதிமன்றக் கட்டணம் திரும்பும், வழக்கு அன்றே முடியும். ஆனால் அந்தத் தீர்வுக்கு அப்பீல் கிடையாது. இன்ஷூரன்ஸ் கம்பெனி சொல்லும் தொகை நியாயமா என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுக்கொண்டு போங்கள். பிடிக்கவில்லை என்றால் மறுத்துவிட்டு வழக்கைத் தொடரலாம், யாரும் கட்டாயப்படுத்த முடியாது.

தனி ஆளாகப் போராட முடியாத வழக்குகளும் உண்டு. கிருஷ்ணகிரி இன்னும் தருமபுரியோடு இருந்த காலத்தில், 1992 ஜூன் 20 அன்று, அரூர் பக்கம் வாச்சாத்தியில் வனத்துறையும் போலீசும் வருவாய்த் துறையும் புகுந்து செய்த கொடுமையை நினைத்துப் பாருங்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 அரசு ஊழியர்கள். பாதிக்கப்பட்டவர்கள் மலைவாழ் மக்கள். தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் அந்த வழக்கை விடாமல் தூக்கிச் சுமந்தன, சிபிஐ விசாரணை வந்தது, 2011இல் தருமபுரி நீதிமன்றம் உயிரோடிருந்த 215 பேரையும் தண்டித்தது, 2023 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. முப்பத்தொரு ஆண்டு. கம்பெனி மொத்தமாக ஆட்களை வெளியே அனுப்பினாலோ, ஒரு கிராமத்தின் நிலம் முழுக்கப் போவதானாலோ, தொழிற்சங்கமோ விவசாயிகள் சங்கமோ இல்லாமல் நீதிமன்றம் போவது நீண்ட நாள் தாங்காது. அப்படிப்பட்ட அமைப்புகள் கூட்டிவரும் வக்கீல்கள் தெரிந்தே குறைந்த கட்டணத்துக்கு வருகிறவர்கள். சட்டப் பணிகள் குழுவில் தனித்தனியாக மனு கொடுப்பதும் சங்கத்தோடு சேர்ந்து போவதும் ஒன்றுக்கொன்று தடையல்ல, இரண்டையும் செய்யலாம்.

ஏற்கெனவே தரகர் கையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டவர்கள் இந்தப் பகுதியில் கொஞ்சப்பேர் அல்ல. அவர்களுக்கும் வழி இருக்கிறது. தன் பெயரில் எந்தக் கோர்ட்டில் வழக்கு இருக்கிறது என்பதை ஈ-கோர்ட்ஸில் பெயர் போட்டுத் தேடிக் கண்டுபிடிக்கலாம். பழைய வக்காலத்தை நீதிமன்ற அனுமதியோடு ரத்து செய்து, ஓசூர் வட்டக் குழுவில் புது வக்கீல் கேட்கலாம். இழப்பீடு இன்னும் வராமலிருந்தால், தொகையை நேரடியாகத் தன் வங்கிக் கணக்கில் போட உத்தரவிடும்படி தீர்ப்பாயத்தில் ஒரு மனு போட்டு வைக்கலாம். பாஸ்புக்கும் ஏடிஎம் அட்டையும் வேறு யார் கையிலாவது இருந்தால், முதலில் வங்கிக்குப் போய் அந்த அட்டையை முடக்கிவிட்டுத்தான் கோர்ட்டுக்கு பஸ் ஏற வேண்டும்.